கிளிநொச்சியில் மூன்று சனிக்கிழமைகள்: விளாதிமிர் மன்னன் பற்றிய வகுப்புக்குப் போகலாமா?

கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கும் ஒரு தனியார் கல்வி நிலையம், உயர்தர மாணவர்களின் பாடங்கள் முடிந்த பின்னர், சனிக்கிழமை மாலைகளில் பெரியவர்களும் வந்து அமரக்கூடிய வரலாற்று வகுப்புத் தொடர்களை நடத்தி வருகிறது. ஒவ்வொரு தொடரும் மூன்று மாலைகள் நடக்கும். கட்டணம் 1500 ரூபா. அச்சிட்ட குறிப்பும் ஒரு சுவர்ப்படமும் அதற்குள் அடங்கும். அண்மையில் முடிந்த தொடர், பத்தாம் நூற்றாண்டில், இன்றைய உக்ரைனின் தலைநகரான கீவ் நகரிலிருந்து ருஸ் மக்களை ஆண்டு கிறிஸ்தவத்தைத் தழுவிய விளாதிமிர் மன்னனின் வாழ்வையும் குடும்பத்தையும் பற்றியது. உயர்தரத்தில் வரலாறு கற்கும் என் மருமகளைக் கூட்டிக்கொண்டு ஒட்டுசுட்டானிலிருந்து மூன்று கிழமையும் போய்வந்தேன். குறைகளையும் எழுதவிருப்பதாலும், அவை எளிதில் திருத்தக்கூடியவை என்பதாலும், நிலையத்தின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். கிளிநொச்சியில் விசாரித்தால் எவரும் வழி காட்டுவார்கள்.

போகும்போது எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு இருக்கவில்லை. கீவ் எங்கே, வன்னி எங்கே? 988ஆம் ஆண்டு திருமுழுக்கு என்ற ஒற்றை வரியைச் சுற்றி மூன்று மாலைகள் பிரசங்கம் நடக்கும் என்றே நினைத்தேன். ஆனால் முதல் நாள் விரிவுரையாளர் 988ஐத் தொடவேயில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரான அவர் கரும்பலகையில் ஒரு வீட்டை வரைந்து, அந்த வீட்டில் யார் யாருக்கு என்ன முறை என்று நம்முடைய உறவுச் சொற்களிலேயே எழுதத் தொடங்கினார். அப்பம்மா ஒல்கா. அப்பா ஸ்வியாத்தொஸ்லாவ். தாய் மலூஷா. தாய்மாமன் தொப்ரினியா. தமையன்மார் யாரோபொல்க், ஓலெக். அந்தப் பலகையைப் பார்த்ததும் மண்டபத்தில் இருந்த முதியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெயர்கள் வாயில் நுழையாவிட்டாலும் முறை தெரிந்துவிட்டால் கதை தெரிந்துவிடும் அல்லவா? இந்த வகுப்பின் பலம் முழுவதும் அந்தப் பலகையில்தான் இருந்தது. அந்தப் பலகையை மறந்த இடங்களில்தான் வகுப்பு தொய்ந்தும் போனது.

ஒல்காவின் கதையை அவர் சுருக்கமாக, ஆனால் கூர்மையாகச் சொன்னார். 945இல் கணவன் ஈகோரைத் திரெவ்லியர் என்ற அயல் இனத்தார் கொன்றதும், சிறு பிள்ளையான மகனுக்காக ஆட்சியைத் தன் கையில் எடுத்தவள் அவள். வீட்டுக்கு வீடு புறாக்களையும் குருவிகளையும் திறையாகக் கேட்டு வாங்கி, அவற்றின் கால்களில் நெருப்பைக் கட்டித் திருப்பி அனுப்பி, பகைவரின் ஊரையே எரித்தாள் என்று ருஸ் மக்களின் பழைய வரலாற்று ஏடான நாளாகமம் சொல்கிறது. அதே ஒல்கா பிற்காலத்தில், கிழக்கு உரோமப் பேரரசான பைசாந்தியத்தின் தலைநகர் கொன்ஸ்தாந்திநோபிளில் ஞானஸ்நானம் பெற்று எலேனா என்ற பெயரையும் ஏற்றாள். மகனையும் அழைத்தபோது, தன் படைவீரர் நகைப்பார்கள் என்று சொல்லி ஸ்வியாத்தொஸ்லாவ் மறுத்துவிட்டான். ஆக, அந்தக் குடும்பத்துக்குக் கிறிஸ்தவம் வெளியிலிருந்து திடீரென்று வந்த ஒன்றல்ல. அப்பம்மாவின் அறைக்குள் ஏற்கெனவே இருந்தது, மகன் வாசலில் நின்று மறுத்தது, பேரன் பின்னர் ஏற்றது. இதை விரிவுரையாளர் எந்த அலங்காரமும் இல்லாமல் சொன்னபோது எனக்குப் பிடித்திருந்தது.

மலூஷா ஒல்காவின் அரண்மனையில் திறப்புக் கோர்வையை வைத்திருந்த பணிப்பெண். அவள் பெற்ற பிள்ளை என்பதால் விளாதிமிர் மற்ற இரு ஆண்பிள்ளைகளுக்கும் ஒரு படி கீழேயே வைக்கப்பட்டான். தந்தை நாட்டைப் பங்கிட்டபோது மூத்தவனுக்குக் கீவ் கிடைத்தது. அடுத்தவனுக்குத் திரெவ்லியர் நிலம் கிடைத்தது. எவரும் விரும்பாத வடக்கின் நொவ்கொரொத் நகரத்தார் தங்களுக்கும் ஓர் இளவரசன் வேண்டுமென்று வந்து நின்றபோது, "விளாதிமிரைக் கேளுங்கள்" என்று அவர்களின் காதில் போட்டவன் தாய்மாமன் தொப்ரினியா. அதன் பின் அந்தச் சிறுவனின் வாழ்வில் நடந்த பெரிய காரியங்களில் பலவற்றின் பின்னால் மாமனின் கை இருந்தது. இதைக் கேட்டதும் என் மருமகள் மெல்லத் திரும்பி, "மாமா, எனக்கும் ஒரு நாடு பார்த்துத் தாங்கோ" என்றாள். பேருந்துக் காசு நான்தான் கொடுக்கிறேன் என்பதை அவளுக்கு நினைவூட்டினேன்.

972இல் திநீப்பர் ஆற்றின் பாறைத் தடங்களில் பெச்செனேகர் என்ற புல்வெளி நாடோடிகள் ஸ்வியாத்தொஸ்லாவைக் கொன்று, அவனுடைய மண்டையோட்டில் குடிகலம் செய்துகொண்டார்கள். தந்தை போனதும் பிள்ளைகள் மோதினார்கள். யாரோபொல்க்குடன் நடந்த சண்டையில் ஓலெக் அகழிக்குள் விழுந்து மடிந்தான். செய்தி கேட்ட விளாதிமிர் கடல் கடந்து ஓடி, வராங்கியர் எனப்படும் ஸ்கண்டிநேவிய வீரரின் கூலிப்படையோடு திரும்பி வந்தான். வருகிற வழியில் போலொத்ஸ்க் நகரின் தலைவன் மகள் ரொக்னேதாவைப் பெண் கேட்டான். மணமகள் மணமகனின் காலணியைக் கழற்றுவது அங்கு வழக்கம். "அடிமைப் பெண்ணின் மகனுக்கு நான் சப்பாத்துக் கழற்றமாட்டேன், யாரோபொல்க்கைத்தான் கட்டுவேன்" என்று அவள் பதில் அனுப்பினாள். அந்த ஒரு சொல்லுக்காக விளாதிமிர் நகரைப் பிடித்து, அவளுடைய தந்தையையும் இரண்டு சகோதரரையும் கொன்று, அவளைப் பலவந்தமாக எடுத்துக்கொண்டான். பிறகு தமையனைப் பேச்சுவார்த்தைக்கென்று அழைத்து வாசலிலேயே வெட்டுவித்து, கருவுற்றிருந்த அண்ணியையும் தன் மனைவியாக்கினான். அவளுக்குப் பிறந்த ஸ்வியாத்தொபொல்க்கை "இரண்டு தந்தையரின் மகன்" என்று நாளாகமம் குறிப்பிடுகிறது. மண்டபத்தில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்ற போதிலும், விரிவுரையாளர் இவற்றை மறைக்கவுமில்லை, சுவைக்காக நீட்டவுமில்லை. பின்னாளில் புனிதராக வணங்கப்படும் ஒருவரைப் பற்றிய வகுப்பில் இந்த நேர்மை எனக்குப் பெரிதாகப் பட்டது.

இரண்டாம் சனிக்கிழமைதான் மூன்றிலும் பலவீனமானது. விளாதிமிர் நான்கு மதங்களை ஒப்பிட்டுப் பார்த்த கதைக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் போனது. வொல்கா ஆற்றங்கரையில் வாழ்ந்த பல்கர் இனத்தாரின் இசுலாம் மதுவைத் தடுக்கிறது என்று கேட்டு, "குடி ருஸ் மக்களின் மகிழ்ச்சி" என்று அவன் சொன்ன இடத்தில் மண்டபம் சிரித்தது. கொன்ஸ்தாந்திநோபிளின் ஹேகியா சோபியா ஆலயத்தில் வழிபாட்டைப் பார்த்த தூதுவர்கள் தாம் நின்றது வானுலகிலா மண்ணுலகிலா என்று அறியவில்லை எனத் திரும்பி வந்து சொன்ன இடத்தில் மண்டபம் அமைதியானது. விரிவுரையாளர் நல்ல நடிகர். குரலை மாற்றி மாற்றி நான்கு தூதுக் குழுக்களாகவும் அவரே பேசினார். ஆனால் இந்தக் கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, துறவிகளின் கையால் தொகுக்கப்பட்ட நாளாகமத்தில் உள்ளது என்ற ஒரு வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டும். கதையைச் சொல்வது பிழையல்ல. கதை எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமல் விட்டால், பரீட்சை எழுதப் போகும் பிள்ளை அதையே காரணம் என்று எழுதிவிட்டு வரும்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் பாதியையாவது பைசாந்தியப் பேரரசின் நெருக்கடிக்குக் கொடுத்திருக்கலாம். 987இல் பேரரசன் இரண்டாம் பாசிலுக்கு எதிராகத் தளபதி பர்தாஸ் போக்காஸ் கிளர்ந்தெழுந்து தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டான். பாசிலுக்குப் படை வேண்டியிருந்தது. விளாதிமிரிடம் படை இருந்தது. அவன் அனுப்பிய வராங்கியர் 6000 பேர் என்று ஓர் ஆர்மீனிய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அதற்கு ஈடாக விளாதிமிர் கேட்டது பேரரசனின் தங்கை அன்னாவை. ஆளும் பேரரசனுக்கு அரண்மனையின் ஊதாக் கூடத்தில் பிறந்த இளவரசிகளை அயலாருக்குக் கொடுப்பதில்லை என்பது அந்த அரச குடும்பத்தின் பெருமை. மேற்கே பேரரசன் முதலாம் ஓட்டோ தன் மகனுக்கு அப்படி ஒருத்தியைக் கேட்டபோதும், 972இல் அனுப்பப்பட்டவள் ஊதாக் கூடத்தில் பிறவாத உறவுப் பெண்தான். அப்படிப்பட்ட அன்னாவையே கொடுக்க வேண்டிய நிலை வந்தபோது, பாசில் விதித்த நிபந்தனை மாப்பிள்ளை கிறிஸ்தவன் ஆக வேண்டும் என்பது. அடிமைப் பெண்ணின் மகன் என்று ஒருத்தி சப்பாத்தைக் கழற்ற மறுத்த அதே மனிதன், இப்போது உலகின் மிக உயர்ந்த குடும்பத்தில் பெண் எடுக்கிறான். முதல் நாள் பலகையில் எழுதிய முறைகளை இந்த இடத்தில் மீண்டும் எழுதியிருந்தால் போதும், எல்லாம் தானாக விளங்கியிருக்கும்.

இவை அனைத்தையும் விரிவுரையாளர் ஐந்து நிமிடத்தில் கடந்தார். நல்லவேளையாக, மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த முதிய உபதேசியார் ஒருவர் எழுந்து, "சேர், மன்னன் முதலில் விசுவாசித்தானா, முதலில் பெண் கேட்டானா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அன்றைய வகுப்பு உயிர் பெற்றது. விளாதிமிர் கிரிமியாவிலுள்ள பைசாந்திய நகரான கெர்சோனை முற்றுகையிட்டதையும், நகருக்குள்ளிருந்து அனஸ்தாஸ் என்பவன் அம்பில் செய்தி கட்டி எய்து நிலத்தடி நீர்க்குழாய் எங்கே ஓடுகிறது என்று காட்டிக்கொடுத்ததையும், திருமணத்தின் பின் அந்நகரை மணப்பெண்ணுக்கான பரிசமாகப் பேரரசர்களிடமே திருப்பிக் கொடுத்ததையும் அப்போதுதான் சொன்னார். பெண்ணுக்காக மாப்பிள்ளை ஒரு நகரத்தைக் கொடுத்தான் என்று கேட்டதும், பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா, "இங்கே எல்லாம் தலைகீழ்" என்று சீதனத்தை நினைத்துச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. சிறைக்குப் போகிறவள் போல அன்னா அழுதுகொண்டு கப்பலேறினாள் என்று நாளாகமம் சொல்வதை அவர் சேர்த்துச் சொன்னபோது அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்றைக்கே அவர் கோட்டை இராச்சியத்தின் மன்னன் தர்மபாலனை விளாதிமிரோடு ஒப்பிட்டார். 1557இல் ஞானஸ்நானம் பெற்று தொம் ஜுவான் என்ற பெயரை ஏற்ற தர்மபாலனைப் போலவே விளாதிமிரும் தன் மைத்துனனின் பெயரான பாசில் என்பதைத் திருமுழுக்குப் பெயராக ஏற்றான் என்பது அவருடைய கருத்து. நம்மவருக்குத் தெரிந்த ஒருவரைக் கொண்டு தெரியாத ஒருவரை விளக்குவது நல்ல முறை. ஆனால் பெயரோடு ஒப்புமை முடிந்துவிடுகிறது. தர்மபாலன் போர்த்துக்கேயரின் தயவில் இருந்தவன். 1580இல் தன் அரசையே போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக்கொடுத்தவன். விளாதிமிரோ படை கொடுத்துப் பெண் எடுத்தவன், எதையும் எழுதிக்கொடுக்கவில்லை. மதம் மாறிய மன்னர் எல்லோரும் ஒரே வழியில் மாறவில்லை என்பதைக் காட்டவே இந்த ஒப்பீடு உதவியிருக்கும். விரிவுரையாளர் ஒற்றுமையை மட்டும் காட்டி நிறுத்திவிட்டார்.

மூன்றாம் சனிக்கிழமை வானம் காலையிலிருந்தே இருட்டிக்கொண்டு வந்து, வகுப்பு தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் கொட்டத் தொடங்கியது. தகரக் கூரைக்குக் கீழே ஒலிபெருக்கியும் பயனில்லை. விரிவுரையாளர் ஒலிவாங்கியை வைத்துவிட்டு, கதிரைகளைப் பலகையைச் சுற்றி நெருக்கிப் போடச் சொன்னார். மூன்று நாட்களிலும் மிகச் சிறந்த அரை மணித்தியாலம் அதுதான்.

அப்போது அவர் சொன்னது ரொக்னேதாவின் கதையின் மிச்சம். பிற மனைவியர் வந்த பின் அவள் ஒதுக்கப்பட்டாள். ஓரிரவு விளாதிமிர் அவளுடைய வீட்டில் உறங்கியபோது கத்தியை எடுத்தாள். அவன் விழித்துக் கையைப் பிடித்துக்கொண்டான். தந்தையையும் ஊரையும் அழித்தாய், இப்போது என்னையும் இந்தப் பிள்ளையையும் நீ நேசிக்கவில்லை என்றாள் அவள். திருமண நாளில் உடுத்தது போல் உடுத்திக் கட்டிலில் இரு, வந்து கொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான் அவன். அவள் அப்படியே உடுத்தி, சிறுவன் இஸியாஸ்லாவின் கையில் உருவிய வாளைக் கொடுத்து, தந்தை உள்ளே வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். கதவு திறந்தது. "அப்பா, இங்கே நீர் தனியாக இருப்பதாக நினைத்தீரா?" என்றான் பிள்ளை. "நீ இங்கே இருப்பாய் என்று யார் நினைத்தது!" என்று விளாதிமிர் வாளை எறிந்துவிட்டு, பிரதானிகளிடம் ஆலோசனை கேட்டு, தாய்க்கும் மகனுக்கும் ஒரு நகரைக் கட்டிக்கொடுத்து அனுப்பினான். இதுவும் பிற்காலத்தில் எழுதப்பட்ட கதைதான். இம்முறை அதை விரிவுரையாளர் தாமாகவே சொன்னார். உபதேசியாரின் கேள்வி வேலை செய்திருக்கிறது.

அதற்குப் பின் வந்தவற்றை மழைக்கு மேலாகக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. வெள்ளித் தலையும் பொன் மீசையும் வைத்து விளாதிமிரே மலைமேல் நிறுத்திய பெருன் தெய்வத்தின் சிலையைக் குதிரை வாலில் கட்டி இழுப்பித்து, பன்னிரண்டு பேரைக் கொண்டு கோலால் அடிப்பித்து, ஆற்றில் விடச் செய்தான். மறுநாள் கீவ் மக்களைத் திநீப்பரில் இறங்கச் செய்து திருமுழுக்குக் கொடுப்பித்தான். வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுத்துக் கட்டிய தேவாலயம் 996இல் முடிந்தது. நோயாளிகள் அரண்மனைக்கு வர இயலாதென்று அப்பம், இறைச்சி, மீன், தேன்பானம் ஆகியவற்றை வண்டியில் ஏற்றித் தெருத் தெருவாக அனுப்பினான். மரக்கரண்டியில் உண்ணவைக்கிறானே என்று படைவீரர் முணுமுணுத்தபோது வெள்ளிக் கரண்டி செய்வித்து, வெள்ளியால் வீரரைத் தேட முடியாது, வீரரால் வெள்ளியைத் தேடலாம் என்றான். மதம் மாறிய பிறகும் அவன் அதே விளாதிமிர்தான் என்பதை அந்தக் கரண்டிகளே எனக்குச் சொல்லின.

சுவர்ப்படத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஒரு முழ அகலத்தில், கெட்டித் தாளில், மூன்று தலைமுறையின் வம்சாவளி. ஸ்வியாத்தொபொல்க்கிடமிருந்து யாரோபொல்க்குக்கும் விளாதிமிருக்கும் இரண்டு புள்ளிக்கோடுகள் போகின்றன. இதைவிடச் சுருக்கமாக அந்தச் சிக்கலைக் காட்ட முடியாது. 1015இல் கொல்லப்பட்டுப் புனிதராகப் போற்றப்படும் போரிஸ், கிளேப் என்ற விளாதிமிரின் பிள்ளைகளும், 1019இல் ஸ்வியாத்தொபொல்க்கை வென்று கீவைப் பிடித்த இன்னொரு மகன் யாரோஸ்லாவும் அதில் இருக்கிறார்கள். பிரான்சு மன்னன் முதலாம் ஹென்றியை 1051இல் மணந்த யாரோஸ்லாவின் மகளுக்கு இடமில்லாமல் போனது வருத்தம். படத்தின் மூலையில் விளாதிமிரின் வெள்ளிக்காசு வரையப்பட்டிருக்கிறது. அதிலுள்ள மூன்று முனைக் குறியைப் பார்த்து ஒரு மாணவன் சூலமா என்று கேட்டான். குடும்ப முத்திரை என்றும், தந்தையின் குறிக்கு இரண்டு முனை, மகன் ஒரு முனையைக் கூட்டினான் என்றும், இன்றைய உக்ரைன் நாட்டின் சின்னம் அதுவே என்றும் பதில் வந்தது. எங்கள் பக்கத்தில் மாட்டுக்குக் குறிசுடும்போது தகப்பன் குறியில் ஒரு கோட்டைக் கூட்டி மகன் தன் பட்டிக்குக் குறி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதே படத்தில் ஒரு பெரும் பிழையும் உண்டு. அன்னா பாசிலின் மகள் என்று அச்சாகியிருக்கிறது. அவள் 963இல் பிறந்த தங்கை. பாசில் திருமணமே செய்யாதவன். உறவுமுறையை வைத்தே நடந்த வகுப்பின் படத்தில் உறவுமுறை பிழைத்தது என்பதைச் சொல்லியபோது அலுவலகத்தில் இருந்தவர் அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார். குறிப்புகளின் போட்டோப் பிரதி ஓரங்களில் மங்கி, கடைசிப் பக்கத்தில் நான்கு வரிகள் இல்லாமலே இருக்கிறது. நான்கு மணி என்று சொன்ன வகுப்பு எந்த நாளும் நாலரைக்கு முன் தொடங்கவில்லை. மாங்குளம் கடந்து உள்ளே போக வேண்டியவர்களுக்குக் கடைசிப் பேருந்து பெரிய கவலை என்பதை நகரத்தில் இருப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மழையில் கேளாமல் போன பகுதியை ஒலிப்பதிவாக அனுப்புவதாகச் சொன்னார்கள். இதை எழுதும் வரை வரவில்லை.

அந்தப் பேருந்துக்காகவே மூன்றாம் நாள் முடிவுக்கு முன் எழுந்துவிட வேண்டியிருந்தது. கதவருகில் நின்றபடி விளாதிமிரின் சாவை மட்டும் கேட்டேன். நொவ்கொரொத்தில் இருந்த மகன் யாரோஸ்லாவ் ஆண்டுக்கு 2000 கிறிவ்னா (அக்காலப் பண அளவு) திறையைக் கட்ட மறுத்தான். தகப்பன் மகன்மீது படையெடுக்க வீதிகளைத் துப்புரவாக்கச் சொன்னான். புறப்படுமுன் நோயில் விழுந்து 1015 யூலை 15 அன்று பெரெஸ்தொவோ மாளிகையில் இறந்தான். சாவை மறைக்க, அரண்மனையில் இருந்தவர்கள் இரவோடிரவாகத் தளத்தைப் பெயர்த்து, உடலைக் கம்பளத்தில் சுற்றிக் கயிற்றில் கீழே இறக்கிச் சறுக்குவண்டியில் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார்கள்.

1500 ரூபாவுக்கு இது நிச்சயமாகப் பெறும். உயர்தரப் பிள்ளைகள் கூடவே ஒரு நல்ல பாடநூலையும் வைத்துக்கொள்ள வேண்டும்; பெரியவர்கள் முதல் நாளையும் மூன்றாம் நாளையும் தவறவிடக் கூடாது. தூரத்திலிருந்து வருகிறவர்கள் கிளிநொச்சியில் ஓர் இரவு தங்க இடம் பார்த்துக்கொண்டு போவது நல்லது. எங்கள் வீட்டுச் சுவரில் அந்தப் படம் இப்போது தொங்குகிறது. என் மருமகள் சிவப்புப் பேனையால் "மகள்" என்பதை வெட்டி "தங்கை" என்று எழுதி, மலூஷாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திறப்பையும் வரைந்திருக்கிறாள்.